வலது பக்க ஜிப்

எங்கள் பால்கனிக்கும் லியோன்டினாவின் பால்கனிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். முட்டைக்கோஸ் ஊறுகிற பீப்பாய், பழைய ஸ்கி கட்டைகள், கால் ஒடிந்த நாற்காலி. அந்த ஜனவரியில் அவற்றுக்கு நடுவே லியோன்டினாவும் ஒரு ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்துக் கிடந்தாள்.

பைத்தியம் இல்லை. எங்கள் மலையேற்றக் குழுவின் தலைவன் சாண்டு வைத்த சட்டம் அது. குளிர்காலத்தில் ஃபகராஷ் மலைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் தன் பையில் ஓர் இரவு வெளியே படுத்துப் பார்க்க வேண்டும். காலையில் குளிர் எடுத்ததா இல்லையா என்று உள்ளதைச் சொல்ல வேண்டும். மேலே நாங்கள் தங்குவது வெறும் தகரக் கூண்டு. அடுப்பு கிடையாது, ஆளும் கிடையாது. பை சரியில்லை என்றால் இறங்கி வர வழியும் கிடையாது.

லியோன்டினா எங்கள் ஊர் பிரஷோவில் மின்கம்பியில் ஓடுகிற டிராலிபஸ் ஓட்டுகிறவள். சில்லறைக்குச் சண்டை போடுகிற பயணிகளை ஒரே பேச்சில் உட்கார வைத்துவிடுவாள். அவளும் அவள் கணவர் ஒக்தாவும் வருஷம் தவறாமல் அந்தக் கூண்டுக்கு வருவார்கள். செப்டம்பரில் வீட்டு வாசலில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது மனிதர் அப்படியே சரிந்தார், பிறகு எழவே இல்லை. அதற்குப் பிறகு அவள் அழவில்லை. சண்டை போடவில்லை. சூப் வைத்துக் கொடுத்தால் குடிப்பாள். உப்புப் போட மறந்த சூப்பையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவித் தந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவளாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த வருஷமும் நான் மேல வரணும். அந்தக் கூண்டுல அவருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்."

முதல் சோதனைக்கு மறுநாள் காலையில் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பீப்பாய்த் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஏடாகப் படிந்திருந்தது. லியோன்டினா எழுந்துகொள்ளப் பார்க்கிறாள். கை வலது பக்கமாகத் தடவித் தடவி ஜிப்பைத் தேடுகிறது. ஜிப் இடது பக்கம் இருக்கிறது. சொந்தப் பையின் ஜிப்கூட நினைவில்லையே இவளுக்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது.

"குளிருச்சாடி?" என்றேன்.

"இல்ல."

"உதட்டப் போய்க் கண்ணாடில பாரு. பிளம் பழம் மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருந்துது, வெதூரியா."

சாண்டு வந்தான். அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்தான். பையை உதறினான். கால் பக்கம் ஒரு முழத்துக்கு வெறுமையாகத் தொங்கியது.

"அக்கா, இந்தப் பை உங்களுக்கு ஆகாது. ஆனா பைய மாத்திக்கலாம். குளிருதான்னு கேட்டா இல்லங்கறீங்க பாருங்க, அத எப்படி மாத்தறது? மேல வந்து குளிருது குளிருதுன்னு கத்தறவங்களப் பத்தி எனக்குப் பயமில்ல. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டுப் படுக்கறவங்களத்தான் காலைல தோள்ல தூக்கிட்டு வரணும்."

"நான் பொய் சொல்லல, சாண்டு. எனக்கு ஒண்ணும் தெரியல, அவ்வளவுதான்."

"அதான் அக்கா சொல்றேன். புதுப் பை வாங்கி இன்னொரு நாள் படுங்க. அன்னிக்கும் ஒண்ணும் தெரியலன்னா, இந்த வருஷம் வேண்டாம்."

அன்றே அவளைக் கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் கொர்னெல் பொறுமைசாலி. இரண்டு பைகளைத் தரையில் விரித்தார். ஒன்று செயற்கைப் பஞ்சு. நனைந்தாலும் சூடு போகாது, ஆனால் முதுகுப்பையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வாத்தின் மெல்லிறகு. அமுக்கினால் ஒரு ரொட்டி அளவுக்கு அடங்கும், நனைந்தால் தொலைந்தது.

"எத்தன டிகிரி குளிர் தாங்கும்னு பெருசா போட்டிருக்கற நம்பரப் பாக்காதீங்கம்மா. அது உயிர் மட்டும் பொழைக்கற கணக்கு. பக்கத்துல பொடிசா இருக்கு பாருங்க, அதுதான் நிம்மதியாத் தூங்கற கணக்கு. அப்புறம் பை ரொம்ப நீளமா இருக்கக் கூடாது. காலுக்குக் கீழ இருக்கற காலி இடத்தையும் உங்க உடம்புதான் சூடாக்கணும். உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"ஏதாவது."

"அதிகமாக் குளிருமா உங்களுக்கு?"

"தெரியல."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. வாத்திறகுப் பையை நானே எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"ஜிப் எந்தப் பக்கம் வேணும்?" என்றார் கொர்னெல்.

"வலது." கண் இமைப்பதற்குள் சொன்னாள். அன்று முழுக்க அவளிடமிருந்து வந்த உருப்படியான பதில் அதுதான். அவர்கள் இருவரும் தங்கள் பைகளை ஜிப்போடு ஜிப் மாட்டி ஒன்றாக்கிப் படுப்பார்கள். அவள் இடப்பக்கம், ஒக்தாவ் வலப்பக்கம். கூண்டில் நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வோம்.

திரும்பி வரும்போது கார் நிறுத்துமிடத்துக் காவலாளி கவ்ரிலா தன் சிறு அறையிலிருந்து தலையை நீட்டினான். ஒக்தாவ் இறந்த நாற்பதாம் நாளில் அவருடைய தலையணை, கம்பளி, ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் லியோன்டினா அவனுக்குத்தான் தானம் கொடுத்தாள். இங்கே வாங்கியவர் எதில் படுக்கிறாரோ, அங்கே போனவரும் அதில்தான் படுப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. கவ்ரிலா ஒக்தாவைப் போலவே நெட்டை. அதற்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தோம்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க," என்றான் கவ்ரிலா, தலையைச் சொறிந்துகொண்டு. "அந்தப் பை நல்ல கதகதப்புதான். ஆனா எனக்குக் கட்டையா இருக்கு. நெஞ்சு வரைக்கும்தான் வருது. ஜிப்பத் தொறந்து போத்திக்கிட்டா கால் ரெண்டும் வெளிய நிக்குது. அய்யா இவ்வளவு ஒசரம், இதுல எப்படித்தான் படுத்தாரோ."

லியோன்டினா நின்றுவிட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இடது பக்க ஜிப். கால் பக்கம் தொங்கிய ஒரு முழம். இரண்டு பேர் பையும் ஒரே நீலம், எப்போதும் மாட்டியபடியே கிடந்தவை. நாற்பதாம் நாள் கழற்றும்போது கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். போனது அவளுடைய பை. பால்கனியில் அவள் விறைத்துக் கிடந்தது ஒக்தாவின் பையில்.

கொடுத்த தானத்தைத் திரும்பக் கேட்க முடியாது. அவள் கேட்கவும் இல்லை. நேரே மாடிக்குப் போனாள். நீளமான பையோடு இறங்கி வந்து கவ்ரிலாவின் கையில் கொடுத்தாள்.

"இது ஒக்தாவுக்காக. இன்னிக்கே இதுல படு. கால நல்லா நீட்டிப் படு."

"கடவுள் ஏத்துக்கட்டும், அக்கா. அப்ப அந்தக் கட்டைப் பை?"

"அதுவும் உன்கிட்டயே இருக்கட்டும்." படி ஏறும்போது என்னைப் பார்க்காமல் சொன்னாள். "இத்தன நாளா அவரு கால் வெளிய இருந்திருக்கு, வெதூரியா."

அன்று அவள் புதுப் பையில் பால்கனியில் படுத்தாள்.

விடிந்தும் விடியாமலும் தகரத் தடுப்பு இடிபட்டது. பதறிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். லியோன்டினா பைக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் தடுப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். மூக்கு ஒழுகியது, துடைக்கவும் இல்லை.

"குளிருதுடி! என்ன எழவுப் பைய வாங்கிக் குடுத்த? குளிருது!"

நான் வாசல் வழியாக ஓடிப்போய் அவள் பால்கனிக்கு வந்தேன். பைக்குள் கையை விட்டேன். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல உள்ளே அத்தனை சூடு. அவள் விரல்கள் சிவந்திருந்தன, பாதம் கதகதவென்று இருந்தது.

"எங்கடி குளிருது?"

"வலது பக்கம். இந்தப் பக்கம் முழுக்க. தாங்கல, வெதூரியா."

பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டு அழுதாள். கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது, மூடிக்கொண்டது. நானும் அழுதேன், வெட்கம் என்ன இதில்.

சாண்டு வந்தபோது அவள் இன்னும் பைக்குள்தான் இருந்தாள். அவனும் குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தான். என்னை ஒருமுறை பார்த்தான்.

"குளிருச்சா அக்கா?"

"ஆமா," என்றாள் லியோன்டினா. "ரொம்ப."

சாண்டு பையின் ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டு எழுந்தான்.

"சனிக்கிழம மொத ரயிலு. லேட்டா வந்துடாதீங்க."