புலி எங்கேப்பா?

வாடகை மோட்டாரில் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய் மிருகம் காட்டுகிற தொழிலில், மிருகங்களால் எந்தத் தொந்தரவும் கிடையாது.

கோயில் காட்டுகிறவர்களே, வாடகைக்கு வீடு காட்டுகிற தரகர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும். இருப்பதைக் காட்டினால் நம் ஜனங்களுக்குப் போதாது.

எனக்கு ஊர் குருசுக்குப்பம், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் ஒரு மீனவர் குப்பம். கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி எடுப்பேன். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வினைச்சொற்களைப் பார்த்தாலும் அதே மாதிரிதான் வந்தது, நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு சவரிமுத்து முதலாளியின் மோட்டாரில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசுட்டேரியில் பறவை காட்டுகிற வேலை கிடைத்தது. டிரைவர் லூர்து அண்ணனுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் லீவோடு நிற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். ஆள் ஏறாத சமயங்களில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்த சீட் எனக்கு வேண்டும் என்று முதலாளியிடம் நேராகவே கேட்டேன்.

"லீவு முடியிற வரைக்கும் ஒரு குடும்பம்கூட மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு வண்டியை விட்டு இறங்கக் கூடாது. அப்படி நடந்தா ஸ்டீரிங் உனக்கு. ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கினாலும் நீ மில்லுக்குக் கூலி வேலைக்குப் போ" என்றார் முதலாளி.

நியாயமான பேச்சுதான். ஆனால் ஷெட் சுவரில் அவரே எழுதிவைத்திருந்தது என்ன தெரியுமா? 'ஊசுட்டேரி: புலி, மான், பறவைகள்.' பக்கத்தில் ஒரு புலிப் படம் வேறு. ஏரியில் தண்ணீர் உண்டு, கோரை உண்டு, வாத்து, நாரை, நாமக்கோழி எல்லாம் உண்டு. சாயங்காலம் நரி வரும். புலி சுவரில்தான் இருந்தது.

காட்டுப்பையன்

முதலாளி என்னை வருகிறவர்களிடம் "இவன்தான் காட்டுற பையன்" என்று சொல்லி ஏற்றிவிடுவார். வாயில் வெற்றிலை இருந்தால் அது "காட்டுப்பையன்" என்று விழும். வெள்ளைக்காரத் தெருவுக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மதாம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நம்மூர் அம்மாள்தான், கவுன் போட்டவர். வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சோறு சாப்பிடுவாயா, வேகவைத்துத்தான் சாப்பிடுவாயா, மரத்தில் தூங்குவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைகள் என் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

எனக்குப் பொறுமை கம்மி. "நான் காட்டுல இருந்து வரலீங்க மதாம், குருசுக்குப்பம். உங்க வீட்டுக்கு மீன் கொண்டாறது எங்கம்மாதான்" என்றேன். மதாம் முகம் சுருங்கிப்போனது. பிள்ளைகள் கையை எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, அன்றைக்கு நாரைகள் கூட்டமாக இறங்கின, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். மதாம் மட்டும் கடைசி வரைக்கும் ஏமாந்தவர் மாதிரி இருந்துவிட்டு, இறங்கும்போது லேசாகச் சிரித்தார்: "கூடைக்காரி மவன்தானா நீ? அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை நல்ல வஞ்சிரமா கொண்டாரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை

ஒரு முசியே, பிரெஞ்சு பேசுகிற நம்மூர்க்காரர்தான், துப்பாக்கியோடு வந்தார், கூடவே மனைவி, நான்கு பிள்ளைகள். கோரை ஓரத்தில் ஒரு நாமக்கோழியைச் சுட்டார். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளையாக நாமம். முட்டி வரைக்கும் சேற்றில் இறங்கி எடுத்துவந்தது நான். கல் கூட்டி அடுப்பு மூட்டும்போதுதான் அந்த அம்மாளுக்கு ஞாபகம் வந்தது, அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வேதக்காரர்களுக்குக் கறி ஆகாது, மீன்தான் ஆகும்.

முசியே விடவில்லை. பிரான்சில் இந்த ஜாதிப் பறவையை வெள்ளிக்கிழமையில் தாராளமாகச் சாப்பிடுவார்கள், எப்போதும் தண்ணீரிலேயே கிடப்பதால் அது மீன் கணக்கு என்றார். அங்கே சாமியார்களே சாப்பிடுவார்களாம். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "மீனுக்கு றெக்கை இருக்காதுங்க" என்றேன். என்னை முறைத்தார். அந்த அம்மாள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, கரையோரம் மூக்கு மட்டும் தெரிய ஊறிக்கொண்டிருந்த எருமைகளைக் காட்டினார்: "அதுங்களும் காலையிலேருந்து தண்ணியிலதான் கெடக்குது, அதையும் மீனாக்கிடுங்க, நாளைக்கும் வச்சுக்கலாம்."

சாவடி

பிள்ளைகள் வண்டியில் சண்டை போடாமல் இருக்க ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். எதைப் பார்த்தாலும் மறைக்காமல் சத்தமாகச் சொல்ல வேண்டும், முதலில் சொல்கிறவன் ஜெயித்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லை, நடுவில் சுங்கச்சாவடி. ஒரு அம்மாள் அக்கரையில் தன் தங்கையைப் பார்க்க வேண்டும் என்றதால் அங்கே போனோம். சாவடிச் சேவகர் குனிந்து பார்த்து, "ஏதாச்சும் சாமான் இருக்கா?" என்றார். "ஒன்னுமில்லீங்க" என்றார் அந்த அம்மாள். பின்சீட்டிலிருந்து அவருடைய மகன் கத்தினான்: "பாப்பா துணிக்குள்ள சென்ட் பாட்டில்! நான்தான் மொதல்ல பார்த்தேன்!"

பாட்டில் போய்விட்டது. பாப்பாவும் அழுதது. முதலாளியிடம் புகார் செய்தால் என்ன பாட்டில், எதற்குத் துணிக்குள் என்று கேள்வி வரும் என்பதால், அந்த அம்மாள் ஷெட்டில் சிரித்த முகமாகத்தான் இறங்கினார். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பறவை காட்டச் சொன்னா எம்புள்ளைக்கு உண்மை பேசக் கத்துக்குடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?"

தூங்கினவர்

மில்லில் வேலை செய்கிற ஒருவர், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து வண்டி பிடித்துக் குடும்பத்தோடு வந்தார். ஏரிக்கரை வந்ததும் ஒரு புங்க மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். அவ்வளவுதான். பூநாரை இறங்குகிறது, எழுந்திருங்கள் என்று நான் போய் எழுப்பினேன். அவர் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பறவைகள் கத்தினால் பிள்ளைகள் அவைகளைப் பார்த்து "உஷ், அப்பா தூங்குது" என்றன.

ஒன்றுமே பார்க்காமல் போகிறாரே, இறங்கும்போது மூஞ்சியைத் தூக்கப்போகிறார், என் ஸ்டீரிங் போச்சு என்று நினைத்தேன். திரும்புகிற வழியில், ஏன் ஒன்றையும் பார்க்கவில்லை என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நன்றாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு மில் என்றால் இன்னும் பயமாகிவிட்டது. அவர் சொன்னார்: "பறவை எங்க தம்பி ஓடிப்போவுது? காதுல மில்லு சங்கு ஊதாத தூக்கம் எப்ப கெடைக்கும், நீயே சொல்லு."

முதலாளி குடும்பம்

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளோடு லீவு முடிகிறது. அதுவரைக்கும் யாரும் மூஞ்சியைத் தூக்கவில்லை. கடைசி நாள் சவாரிக்கு முதலாளியே மனைவியையும் மகள் தெரேசையும் கூட்டிக்கொண்டு ஏறினார். தெரேசுக்கு ஏழு வயது. தினம் ஷெட் சுவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. ஏறினதும் கேட்டாள், "புலி எங்கேப்பா?"

அன்றைக்கென்று வாத்துகூடத் தூரத்தில்தான் இருந்தது. "புலி எங்கேப்பா, புலி எங்கேப்பா" என்று தெரேஸ் உயிரை எடுத்தாள். பொழுது சாயும் நேரத்தில் கோரைக்குள் ஏதோ அசைந்தது. முதலாளி துள்ளி எழுந்து, "அதோ பாரு புலி!" என்றார்.

"நரிங்க முதலாளி."

"புலிக்குட்டிடா."

"நரிதாங்க. வாலைப் பாருங்க."

முதலாளி என் காலை மிதித்தார். நல்ல மிதி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஸ்டீரிங் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது, லூர்து அண்ணன்கூட வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் அந்த நரி வெளியே வந்து எங்களைப் பார்த்து நின்றது, தெரேஸ் என்னைப் பார்த்தாள். "நரி பாப்பா. இங்க புலியே கிடையாது" என்றேன்.

வீடு வரைக்கும் அழுதாள். ஷெட்டில் இறங்கும்போது மூஞ்சியைத் தூக்கியது அவள்தான், அந்த லீவிலேயே அவள் ஒருத்திதான். முதலாளி மகளைக் காட்டி, "பார்த்தியா மூஞ்சியை? பேசின பேச்சு பேச்சுதான். நாளைக்கு மில்லுக்குப் போயிடு" என்றார். அப்போது அவர் மனைவி, தெரேசை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சுவரில் இருந்த புலியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னார்: "ஏங்க, வாய் பேசி யாவாரம் பண்ண இவன் ஒதவ மாட்டான், அது வாஸ்தவம். ஆனா ரோட்டுல பள்ளம் இருந்தா பள்ளம்னு சொல்றவன் கையிலதாங்க எம்புள்ளைய ஏத்தி அனுப்புவேன், இவன்கிட்ட சாவியக் குடுங்க."

இப்போது நான்தான் ஓட்டுகிறேன், பக்கத்தில் புதிதாக வந்த பையன் எருமையைக் காட்டிக் காட்டெருமை என்கிறான், ஜனங்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள், எனக்குச் சம்பளம் வண்டி ஓட்டுவதற்கா வாயை மூடிக்கொண்டிருப்பதற்கா என்று இன்னும் தெரியவில்லை.