பாப்பம்மாவின் அடைக்கோழி

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, மகாவலி வளைந்து போவது தெரிகிற ஒரு காப்பித் தோட்டத்தில், கூலியாட்களின் அறைகள் வரிசையாய் நிற்கும் லயத்தின் கடைசிக் காம்பரா பாப்பம்மாவுடையது. கடைசி என்பதால் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதில் நாலு மிளகாய்ச் செடி வைத்திருப்பார்கள். பாப்பம்மா ஒரு கோழியைக் கொண்டுவந்து விட்டாள்.

அவளுக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. சிவகங்கைச் சீமையில் அப்பன் வீட்டில் ஆடுகள்தான். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் பழகிய கை, கோழியைப் பிடிக்கப் போய் இறகைத்தான் பிடித்தது. லயமே வேடிக்கை பார்த்தது. ஆனால் அவர்கள் சிரித்தது அதற்காக மட்டுமல்ல. அந்தக் காலத்தில் காம்பராவை வீடென்று யாரும் நினைத்ததில்லை. காப்பி பழுக்கும்போது கடல் தாண்டி வருவார்கள். பறித்து முடிந்ததும் மாத்தளை, தம்புள்ளை என்று காட்டு வழியே மன்னாருக்கு நடந்து, தோணியேறி ஊருக்குப் போய்விடுவார்கள். மார்கழியில் மூட்டை கட்டப் போகிறவள் ஐப்பசியில் கோழி வாங்குவாளா?

வாங்கினாள். போன வருஷம் ஊருக்குப் போகும்போது, தம்புள்ளைக்கு அப்பால், காய்ச்சல் கண்ட மகள் செல்லியை ஒரு பாலை மரத்தடியில் புதைத்துவிட்டு நடந்தார்கள். இரண்டு வயசு. கூட்டம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்து அழக்கூட நேரம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. இப்போது பாப்பம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அந்த வழியில் இன்னொரு பிள்ளையைச் சுமந்து நடக்க அவளால் ஆகாது. அதைப் புருஷன் வீரய்யாவிடம் சொல்ல வாயெடுத்தால் செல்லியின் பெயர் முன்னால் வந்து நின்றது. அதனால் கோழியைக் கொண்டுவந்தாள். கோழி இருக்கிற வீட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாதே.

கோழி வாரத்துக்கு வந்தது. ஆற்றுப் பாலத்தடியில் சின்னக் கடை வைத்திருந்தவரின் மனைவி ரபீகா, மாத்தளை ரோட்டில் உள்ள அலவத்துகொடைப் பெண், கொடுத்தது. கோழி ரபீகாவுடையது, வளர்ப்பு பாப்பம்மாவுடையது, குஞ்சில் ஆளுக்குப் பாதி. முதல் சில நாள் காலில் கயிறு கட்டி வைத்திருந்து, பிறகு அவிழ்த்துவிட்டாள். அது போகவில்லை. சாயங்காலம் தானாகவே, ராத்திரி தன்மேல் கவிழ்க்கிற பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பாப்பம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

முட்டை சேர்ந்தது, கோழி அடைக்கு வந்தது. குளிர்காலம், முட்டைக்குச் சூடு வேண்டுமே என்று அவள் யோசித்தாள். பழம் உரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் காப்பித் தோல் மலையாய்க் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். ஒரு கூடை தோலை வாரிவந்து பரப்பி, அதன்மேல் முட்டைகளை வைத்து, கோழியை உட்கார வைத்தாள். கோழி எழுந்தது. உட்கார வைத்தாள். எழுந்தது. மறுநாள் பக்கமே வரவில்லை.

ரபீகா வந்து பார்த்தாள். முட்டையைத் தொட்டாள். முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்ன புள்ள இது, முட்டைய அவிச்சு வெச்சீக்கிறாய்! நீ அடுப்புக்கு மேல உக்காருவியா? அதுதான் பாவம் எழும்பி ஓடீக்குது."

பாப்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சூடா இருந்தா நல்லதுன்னுதாங்க நெனச்சேன். எனக்கு எதையும் வளக்கத் தெரியலீங்க."

ரபீகா சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்குச் செல்லியைத் தெரியும். போன வருஷம் கடையில் அவளுக்குக் கற்கண்டு கொடுத்தவள். "சூட்டக் கோழி பாத்துக்கும், தங்கச்சி. நீ காவலுக்கு இருந்தாப் போதும்" என்றாள். கோழியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவுமில்லை.

கார்த்திகை கடைசியில் கோழி மறுபடியும் அடைக்கு வந்தது. இந்தத் தடவை கூடையில் சாம்பலும் வைக்கோலும். ஒற்றைப்படையில் வைக்க வேண்டும் என்பதால் ஒரு முட்டையைக் குறைத்து வைத்தாள். கோழி இறகை விரித்து, உடம்பைத் தட்டையாக்கி, கண்ணை மூடிக்கொண்டது. பாப்பம்மா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வாரம், ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் அழகர் கங்காணி லயம் லயமாய் வந்து, ஊருக்குப் போகிறவர்கள் மூட்டையைக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

"கோழிய ரபீகா அம்மாகிட்ட குடுத்துட்டு வந்துரு" என்றான் வீரய்யா.

"அடையில இருக்கிறத அசைக்கக் கூடாது. பொரிக்கிறதுக்கு இன்னும் நாள் கெடக்கு."

"அப்ப கூடையோட நான் தலையில வச்சுச் சுமக்குறேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மன்னார் வரைக்கும் அடைக்கோழியைத் தலையில் சுமந்து நடக்கவும் தயாராகத்தான் இருந்தான். வாசலில் நின்ற கங்காணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன்டா வீரய்யா, போற வழியில கரடி வந்தா கோழிய எறக்கி வச்சுட்டு ஓடுவியா, கோழியோட ஓடுவியா? பாப்பம்மா, ஒம் புருசன் ஊர்ல போய் இறங்குறப்ப தலையில சேவல் நின்னு கூவும் பாரு!"

"குலுங்கின முட்டை பொரிக்காதுங்க" என்றாள் பாப்பம்மா. சிரிப்பே வரவில்லை அவளுக்கு.

"அப்ப இங்கயே கெடங்க. புல்லு வெட்ட ஆளு வேணும்னு தொரையும் சொல்லியிருக்காரு. கோழிக்காகக் கண்டியில தங்குன மொதக் குடும்பம் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.  வீரய்யாவின் அண்ணன் குடும்பமும் இந்தக் கூட்டத்தோடு போகிறது. ஊரில் மழை பெய்திருப்பதாகச் சேதி வந்திருந்தது. அவன் மனசு அங்கே போய் எத்தனையோ நாளாகிவிட்டது.

அடுத்த நாள் பிற்பகல் மலை இருட்டிக்கொண்டு வந்தது. பாப்பம்மா மேல்மலையில் கடைசிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முதல் இடி விழுந்தது. இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிக் கூமுட்டையாகிவிடும் என்பார்கள். பழக்கூடையைப் போட்டுவிட்டு, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சறுக்குகிற பாதையில் இறங்கினாள்.

பின்பக்கத் தாழ்வாரத்தில் வீரய்யா குந்தியிருந்தான். கூரை ஒழுகிய இடத்தில் காப்பிச் சாக்கொன்றை இரண்டு கையாலும் கோழிக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தான். தண்ணீரெல்லாம் அவன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. கூடைக்குள் வைக்கோல் ஓரமாக உடைந்த மண்வெட்டித் துண்டு ஒன்றும் இரண்டு அடுப்புக்கரியும் இருந்தன. அவள் வைத்ததில்லை.

"இரும்பும் கரியும் போட்டா இடி ஒண்ணும் செய்யாது. எங்க வீட்ல அப்பிடித்தான் போடுவாங்க" என்றான், அவளைப் பார்க்காமல்.

பாப்பம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லிய அந்த மரத்தடியில வச்சுட்டு வந்தோமே. எனக்கு அந்த வழியில மறுபடி நடக்க முடியாதுங்க. வயித்துல இருக்கிற இதையும் வழியில வச்சிட்டுப் போகச் சொன்னா நான் செத்துருவேன். கோழிக்காக இல்ல."

மழை பெய்துகொண்டே இருந்தது.  "சாக்க நல்லா இழுத்துப் புடி" என்றான் வீரய்யா கடைசியில். அவ்வளவுதான்.

கூட்டம் புறப்பட்ட விடியற்காலையில் வீரய்யா அண்ணனுடைய மூட்டையைத் தூக்கித் தன் தலையில் வைத்தான். "அலவத்துகொட வரைக்கும் கொண்டு விடுறேன்" என்று பொதுவாகச் சொன்னான். அவளிடம் சொன்னானா, அண்ணனிடம் சொன்னானா, தெரியவில்லை. வரிசை பாலத்தைத் தாண்டி மாத்தளை ரோட்டில் திரும்பும்வரை அவள் மேட்டில் நின்று பார்த்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் மூட்டையோடு எப்படித் திரும்புவான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கூட நடக்கிறவர்கள் பேச்சும் பாட்டுமாய்ப் போகும்போது இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கால் தானாகப் போய்விடும். அது அவளுக்குத் தெரியும்.

லயம் வெறிச்சோடிக் கிடந்தது. கோழி ஒரு தடவை எழுந்து, குருணை கொத்தி, தண்ணீர் குடித்து, அவசரமாய் முட்டைக்குத் திரும்பியது. உச்சிப்பொழுது சாய்ந்தது. அவள் சோறு வடித்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

வெயில் இறங்குகிற நேரத்தில் சுவரோரம் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. வீரய்யா ஒரு கட்டுப் பச்சை மூங்கிலை இழுத்துக்கொண்டு வந்து போட்டான். கால் முட்டிவரை சேறு. அட்டை கடித்த இடத்தில் இரத்தம். அவள் எழுந்து ஓடிவரப் பார்த்தாள்.

"மெதுவா, மெதுவா! அது அடையில இருக்குல்ல" என்று அதட்டினான். பிறகு பஞ்சாரத்தைக் காலால் தள்ளிப் பார்த்தான். "இது பத்தாது. குஞ்சு பொரிச்சா எங்க அடைப்ப? பெருசா ஒண்ணு கட்டணும். கத்திய எடு."