தங்கை பெயரில் மூன்று வரி

எஸ்போவில் ரயில் நிலையக் கழிப்பறையிலிருந்து வெளியே வந்தால்கூட, எப்படி இருந்தது என்று கேட்டுச் சுவரில் நான்கு பொத்தான்கள் இருக்கும். சிரிக்கிற பச்சை முகத்தில் தொடங்கி, கடுகடுக்கும் சிவப்பு முகம் வரை. எதை அழுத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பின்லாந்துக்கு வந்த புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தாம்பரத்தில் நம் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்? நாமாகத்தான் சத்தம் போட்டுச் சொல்வோம். சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டிய கடைக்காரரைப் பார்த்து என் அம்மா "திருட்டுப் பய" என்று மார்க்கெட்டே கேட்கக் கத்துவார். மறுநாள் அதே கடையில் கறிவேப்பிலையைக் கொசுறாகவும் வாங்கி வருவார். பதினோரு வருடத்தில் பொத்தான் அழுத்துவது எனக்குப் பழகிவிட்டது. அம்மாவின் வாயும் என்னை விட்டுப் போகவில்லை. இரண்டும் சேர்ந்து என் தங்கையின் தலையில் விடிந்தன.

ஸ்டெல்லா கிழக்குத் தாம்பரத்தில் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறாள். கூடுவாஞ்சேரி டீலர் ஒருவரிடம் மாவு பிசையும் மெஷின் வாங்கினாள். மூன்றே வாரத்தில் அது நின்றுபோனது. மெக்கானிக்கை இன்று அனுப்புகிறேன், நாளை அனுப்புகிறேன் என்று டீலர் இழுத்தடித்தார். கிறிஸ்துமஸ் ஆர்டர்கள் குவிந்து கிடக்க, அவள் கையாலேயே பிசைந்துகொண்டிருந்ததை வீடியோ காலில் பார்த்தேன். மெஷினில் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேக்கரிக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் இணையதளம் ஒன்று உண்டு. வேறு மெஷின் பார்க்கச் சொல்லி, அதிலுள்ள தன் கணக்கின் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருந்தாள். டீலரின் பெயரைப் போட்டு எழுதினேன்: "இவன் திருடன். பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்கிறான். யாரும் ஏமாறாதீர்கள்." அடியில் அவள் கடையின் பெயரும் முகவரியும் தானாக வந்து நின்றதை நான் கவனிக்கவே இல்லை. நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

பத்து நாளில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எனக்கல்ல, அவளுக்கு. பதிவை நீக்கி அதே இடத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் சிவில், கிரிமினல் என்று இரண்டு அவதூறு வழக்குகள். தாம்பரத்தில் தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டு, உண்மையைத்தானே எழுதினேன் என்று குதித்தேன்.

"சார், மெஷின் மூணு வாரத்துல நின்னுபோச்சு, மெக்கானிக் வரலன்னு எழுதியிருந்தா நான் தைரியமா பேசுவேன். பில் இருக்கு, மெசேஜ் இருக்கு. திருடன்னு எழுதிட்டீங்களே, அதுக்கு என்னத்தக் காட்டுறது? துருவையா?"

"எழுதினது நான்தானே, என் மேல போடச் சொல்லுங்க."

"பேரு அவங்க பேரு சார். சம்மன் அவங்க கடைக்குத்தான் வரும்."

மறுநாள் ஆபீஸில் மார்க்குவிடம் புலம்பினேன். பக்கத்து மேசைக்காரர், பின்லாந்துக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் திருடனைப் போலீஸ் பிடித்துவிட்டதா?" என்றார். அவர் நிஜத் திருடன் இல்லை, எங்கள் ஊரில் கோபம் வந்தால் அப்படிச் சொல்வோம் என்றேன். "இல்லை என்று தெரிந்துமா எழுதினாய்?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை. மார்க்கெட்டில் கத்துவதும் கடை முகவரியோடு எழுதிவைப்பதும் ஒன்றல்ல என்பது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

வழக்கை நடத்தலாம், லீவு போட்டு வருகிறேன் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"எத்தனை வாய்தாவுக்கு வருவ அண்ணா? கடையை மூடிட்டு நான்தான் கோர்ட்டுக்கு அலையணும். ரிப்பேருன்னா அந்த ஆளுதான் வரணும். மன்னிப்புக் கேட்டுரலாம். நீயே எழுது, உனக்குத்தான் நல்லா எழுத வருதே."

அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதிவை நீக்கினேன். மெஷின் நின்றது உண்மை, அந்த உண்மையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. இதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல். பிறகு அவள் பெயரில் மன்னிப்பை எழுத உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "நான் கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கிறேன். இங்கேயே தொழில் செய்து வருகிறேன்" என்று தொடங்கினேன். பதினோரு வருடமாக எந்தப் படிவத்திலும் என்னால் எழுத முடியாத வரி. வக்கீல் அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள்.