கிணற்றடிச் சுவர்

ஹாஜறா தன் புருசனிடம் எதைச் சொல்வதானாலும் முடிவை முதலில் சொல்லிவிடுவாள். ஆரம்பத்திலிருந்து சொன்னால் பாதியிலேயே கச்சிமுகம்மதுவுக்குக் கோபம் வந்துவிடும்; மீதியைக் கேட்க ஆள் இருக்காது. செயின் கழன்றதற்காகத் தன் சைக்கிளையே வாய்க்காலில் தள்ளிவிட்டு, பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் துழாவிய மனிதர். சைக்கிள் கிடைத்தது, மணி கிடைக்கவில்லை. அதற்கும் ஹாஜறாவுக்குத்தான் ஏச்சு.

ஆனால் மகள் சுல்பிகாவுக்கு வீடு கட்டியதில் அவரைக் குறை சொல்ல முடியாது. பெண்ணுக்கு வீடு, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து இருப்பது என்பதுதானே வழக்கம். இரண்டு போக நெல்லையும் அதிலேயே போட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கட்டினார். அந்தக் கூப்பிடு தூரத்தை நினைத்தே ஹாஜறா மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

எழுபத்தெட்டுச் சூறாவளி வேலியை வாரிக்கொண்டு போனது. அடுத்த வீட்டு வளவு கச்சிமுகம்மதுவின் அண்ணன் மீராமுகைதீன் காக்காவுடையது. அங்கே உழவு றக்டர் திருத்த வருகிற ஆண்களுக்கெல்லாம் புதுவீட்டுக் கிணற்றடி பளிச்சென்று தெரிந்தது. பழைய வேலி எங்கே நின்றது என்று காக்காவும் தம்பியும் ஓயாத சண்டை. அதனால் புது வேலியும் வரவில்லை.

கலியாணம் நெருங்கிய நேரம். சம்மாந்துறை வயலிலிருந்து வந்த கச்சிமுகம்மது, கிணற்றடியில் நெஞ்சளவு புதுச்சுவர் ஒன்றைக் கண்டார்.

"காக்கா மதில் வச்சிட்டாரா? என்ட மகள்ட வளவுக்குள்ளயா?"

குழி தோண்டும் இரும்பு அலவாங்கு கைக்கு வந்துவிட்டது. குசினிக்குள்ளிருந்து மாப்பிசைந்த கையோடு ஓடிவந்த ஹாஜறா அன்று ஒருநாள்தான் முறை தவறினாள். யார் கட்டியது என்று முதலில் சொல்லாமல், "ஒடைக்காதீங்க!" என்று தொடங்கிவிட்டாள்.

"காக்காக்குப் பரிஞ்சி கதைக்கிறியாகா? வாய மூடு!"

ஈரம் காயாத சுவர். நாலே குத்தில் சரிந்தது.

பூசுவதற்குச் சீமெந்தோடு வந்த மாப்பிள்ளை இப்றாஹிம் வளவு வாசல் கடப்படியிலேயே நின்றுவிட்டான். அவன் ஒலுவில் ஊரில் வீடு கட்டும் மேசன். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வந்து, ஹாஜறாவிடம் மட்டும் கேட்டுவிட்டு, ஒவ்வொரு கல்லாய் வைத்தவன். "புள்ள குளிக்கிற இடம் மாமி" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னவன்.

"மாமா, அது நான் வச்ச சுவர்."

கச்சிமுகம்மதுவுக்கு முகம் கறுத்தது. அத்தோடாவது வாயை மூடியிருக்கலாம். ஹாஜறாவின் பக்கம் திரும்பி, "நீ ஏன்கா சொல்லல்ல?" என்று அலவாங்கை ஓங்கி நிலத்தில் குத்தினார். ஹாஜறாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இப்றாஹிம் மாமியைப் பார்த்தான், அலவாங்கைப் பார்த்தான், சீமெந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவனுடைய உம்மா அஸீஸா வந்தாள்.

"கலியாணத்துல மாத்தமில்ல மதினி. ஆனா என்ட மகன் இந்த வளவுல வந்து இரிக்க மாட்டானாம். பொண்ண ஒலுவிலுக்குக் கூட்டிட்டுப் போறானாம்."

"என்ட மகள் ஏன் அங்க போகணும்? நான் கட்டின வீடு என்னத்துக்கு?" என்று கச்சிமுகம்மது எழும்பினார்.

"நான் போறன் வாப்பா" என்றாள் சுல்பிகா அறைக்குள்ளிருந்து. அவளும் உம்மாவைப் போலத்தான், முடிவை முதலில் சொன்னாள். மீதியை அவர் கேட்கவில்லை.

மகள் போன பிறகு கச்சிமுகம்மது தானே கல் வாங்கி, தானே குழைத்து, அதே இடத்தில் சுவர் வைத்தார். காக்கா எல்லைச் சண்டைக்கு வரவில்லை. பூசி, வெள்ளையும் அடித்துவிட்டு ஹாஜறாவைக் கூப்பிட்டார்.

"எப்பிடி இரிக்கி?"

இத்தனை வருட எரிச்சலையும் சேர்த்துச் சொன்னாள் ஹாஜறா.

"சுவர் நல்லாத்தான் இரிக்கி. குளிக்கத்தான் ஆளில்ல."

மேசன் கரண்டியை வீசக் கையை ஓங்கினார் கச்சிமுகம்மது. எங்கே வீசுவதென்று தெரியவில்லை. அதைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, ஆளில்லாத அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.