சொடக்குச் சத்தமும் ஒற்றைச் செருப்பும்

1. 'டக்' கேட்டால்தான் வைத்தியம்

பிசியோதெரபி படித்து, சென்னையில் ஒரு கைரோபிராக்டிக் நிபுணரிடம் முதுகெலும்பைக் கையால் இயக்கிச் சரிசெய்யும் முறையும் பழகிக்கொண்டு, விருத்தாசலம் பாலக்கரையில் கிளினிக் திறந்தேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். மருந்துக் கடையை ஒட்டி ஒரே அறை. 'எலும்பு நிமித்துற அம்மா' என்று பெயர் வந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இன்றுவரை டாக்டரம்மாதான்.

வந்தவர்களில் பாதிப் பேர் செராமிக் ஆட்கள், பீங்கான் சாமான் செய்கிறவர்கள். மண் மூட்டை தூக்குவார்கள், மண்கூழை அச்சில் ஊற்றுவார்கள், சூளையில் அடுக்குவார்கள். முதுகு சும்மா விடுமா? அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சூளையிலிருந்து வந்த சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல சரக்கு, டொக்கென்றால் உள்ளே விரிசல். அதே காதோடு என் கட்டிலிலும் வந்து படுப்பார்கள். முதுகில் 'டக்' கேட்டால் எலும்பு சேர்ந்துவிட்டது, கேட்காவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை! அது மூட்டு நீரில் உண்டாகும் காற்றுக்குமிழியின் சத்தம், எலும்பு எங்கேயும் போய்விட்டு வரவில்லை என்பேன். யார் கேட்டார்கள்?

2. கலியபெருமாள் கோபித்துக்கொண்டார்

கலியபெருமாளுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு செராமிக் யூனிட்டில் சரக்கைச் சுண்டிப் பார்த்துத் தரம் பிரிப்பவர். ஆள் வராத நாளில் மண் மூட்டை தூக்கப்போய் முதுகு பிடித்துக்கொண்டது. மருமகள் செல்வி கூட்டி வந்திருந்தாள்.

"ரெண்டு டக்கு வுட்டு அனுப்புங்க டாக்டரம்மா. மத்தியானம் ஷிப்டு இருக்குது."

"மொதல்ல கேள்விங்க. அப்புறம்தான் டக்கு."

"நான் என்ன ரேஷன் கார்டு எழுதவா வந்தேன்?"

"கால் மரத்துப் போவுதா? ஒண்ணுக்குப் போறதுல ஏதாவது தொந்தரவு இருக்குதா?"

அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "வலி முதுகுலங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குது."

செல்வியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை. காலைச் சோதிக்கச் சுத்தியலை எடுத்தேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

"சத்தமே வராத எடத்துல நமக்கென்ன வேலை? மங்கலம்பேட்டையில ஒருத்தரு முதுகுல ஏறி மிதிச்சா பத்து டக்கு கேக்குமாம். வாம்மா செல்வி!"

போனால் போகட்டும் என்று எனக்கும் கோபம். அடுத்த ஆளைக் கூப்பிட வாசலுக்கு வந்தேன். அங்கே ஆண் செருப்பு ஒன்று, வலது கால், தனியாகக் கிடந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் இரண்டு பெண்கள் மட்டுமே. அப்படியென்றால் அது கலியபெருமாளுடையது.

வாசலில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வெயிலில் ரோடு கொதித்தது. அந்த ஜல்லிமேல் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்து போயிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. கால் மரத்துப்போன அந்த ஆளின் முதுகில் இன்னும் ஒரு மணி நேரத்தில் யாரோ ஏறி மிதிக்கப் போகிறார்!

3. பஸ் ஸ்டாப்பில்

மாதாவே என்று செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெள்ளைக் கோட்டு, கையில் செருப்பு. டீக்கடையில் இருந்தவர்கள் யாரையோ அடிக்கப் போகிறேன் என்று எழுந்து பின்னால் வந்தார்கள். மங்கலம்பேட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டுத் தகரத்தில் தட்டி நிறுத்தினேன்.

"எறங்குங்க!"

அவர் செருப்பைப் பார்த்து மிரண்டுபோனார். "ரெண்டு வார்த்தை பேசினதுக்குச் செருப்பாலயா அடிப்பீங்க?"

"அடிக்கலங்க. இது யாருது? காலப் பாருங்க."

பார்த்தார். பாதத்தில் கல் குத்தி ரத்தம் வந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"செல்வி, போயி தண்ணி பாட்டிலு ஒண்ணு வாங்கியாம்மா" என்றார். அவள் நகர்ந்ததும் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு நாளா ஒண்ணுக்கு வரமாட்டேங்குது. உக்கார்ற எடமெல்லாம் மரத்துக் கெடக்குது. மருமவ முன்னாடி எப்படிங்க சொல்றது?"

முதுகெலும்புத் தட்டு பிதுங்கி, காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற நரம்புக் கற்றையையே நசுக்குகிறது என்று சந்தேகப்பட்டேன். அதன்மேல் என் கையும் படக்கூடாது, வேறு யார் காலும் படக்கூடாது. அங்கேயே கார் பிடித்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என் சந்தேகம் சரியாகவே இருந்தது. அன்றைக்கே ஆபரேஷன். தள்ளிப்போட்டிருந்தால் நடையே போயிருக்கும் என்றார்களாம்.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

அதற்குப் பிறகு கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் முதல் கேள்வியைக் கேட்பேன். விழுந்தது, எலும்பு முறிந்தது, சாப்பிடுகிற மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிக்கலாம், பயப்பட வேண்டாம். ஆனால் கால் மரத்து, பலம் குறைந்து, சிறுநீரிலும் கோளாறு என்றால் என்னிடம் வராதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முக்கியமாக, சத்தத்துக்காக வராதீர்கள். சாமானுக்குத்தான் சுண்டல், மனுஷனுக்குக் கேள்வி.

நான் காதோடு காதாகக் கேட்பதைக் கலியபெருமாள் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பார். நடை திரும்பியபின் உடற்பயிற்சிக்கு வந்தபோதெல்லாம் பெஞ்சில் இருப்பவர்களைப் பிடித்துக்கொள்வார். "அண்ணே, ஒண்ணுக்கு ஒழுங்கா போவுதா? வெக்கப்படாம சொல்லிடுங்க. நான் சொல்லாம வுட்டுத்தான் இந்தம்மா செருப்ப எடுத்துக்கிட்டு வந்தாங்க." பக்கத்தில் செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கு மானம் போகும், சந்தோஷமாகவும் இருக்கும்.

கிளம்பும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, குனிந்து, இரண்டு காலின் விரல்களையும் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார்.

"ரெண்டும் இருக்குது டாக்டரம்மா. போயிட்டு வரேன்."