விருந்தாளிக்குப் புது கம்ப்யூட்டர்

போன வாரம் சனிக்கிழமை என் பிள்ளை தோற்றுப்போனது.

பதற வேண்டாம். பெற்ற பிள்ளை இல்லை. அவள் யூகேஜியில் சௌக்கியமாக இருக்கிறாள். இது நான் ஆபீஸில் வளர்த்த பிள்ளை – ஒரு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நடுவில் தோசை வருகிறது!

எங்கள் ஆபீஸ் சின்னது. திண்டுக்கல்லில், மோட்டார் பம்ப் கடைக்கு மேலே மாடி. கீழே பம்பை ஓட்டிக் காட்டினால் மேலே என் மேசை நடுங்கும். பழனியில் விடுதி நடத்துகிறவர்கள் சிலர் சேர்ந்து, அறை பதிவு செய்வதற்கு எங்களிடம் ஒரு வெப்சைட் கேட்டிருக்கிறார்கள்.

தைப்பூசம் நெருங்க நெருங்க எத்தனை பேர் ஒரே நேரத்தில் அறை தேடுவார்கள்? அத்தனை கூட்டத்தையும் சைட் தாங்குமா, படுத்துவிடுமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பொய்யாக ஒரு கூட்டத்தை அனுப்பிப் பார்ப்பது. ஒரே கம்ப்யூட்டர், ஆயிரம் பேர் க்ளிக் செய்வதுபோல நடிக்கும். அப்படி நடிக்கவைக்கும் சாஃப்ட்வேருக்குத்தான் லோடு டெஸ்டிங் டூல் என்று பெயர்.

அப்படி ஒன்றை நானே எழுதியிருந்தேன். என் மகள் தர்ஷினி கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தூங்குகிற நேரம் பார்த்து எழுதியது. ஆபீஸில் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தி வந்தார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு ஸ்டீபன் வந்து சேர்ந்தான். கெட்டிக்காரப் பையன். வரும்போதே, ஒரு பெரிய கம்பெனி விற்கிற டூல் பற்றிய செய்தியோடு வந்தான். டிரையலுக்கு வாங்கியும் விட்டான். கலர் கலராக கிராஃப் போடுகிறது... பார்த்தால் எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

எங்கள் முதலாளி – நாங்கள் சார் என்போம் – கூப்பிட்டுச் சொன்னார். "ரெண்டையும் ஓட்டிப் பாருங்கம்மா. எது ஜெயிக்குதோ அதை வச்சுக்குவோம். உங்களது தோத்துச்சுன்னா, நீங்க பில்லிங் பக்கம் போயிருங்க. அங்கயும் ஆள் பத்தல."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. பில்லிங் என்றால், சிமெண்ட் கடைக்கும் உரக் கடைக்கும் ஏற்கெனவே எழுதிவைத்த சாஃப்ட்வேரில் கடைப் பெயரை மாற்றிக் கொடுப்பது. தப்பான வேலை இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஆசையாகக் கற்றதையெல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

"டெஸ்ட்டை யார் பண்றது சார்?"

"நீங்களேதான். உங்களுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

பெற்றவளே நடுவர்! எப்படி இருக்கிறது?

தன் பிள்ளைக்குச் சாதகமாக நடந்துகொண்டாள் என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை. பார்த்துப் பார்த்துச் செய்தேன். சனிக்கிழமை மாலை முடிவு வந்தது. என் டூல், வாங்கிய டூல் அனுப்பிய கூட்டத்தில் பாதியைக்கூட அனுப்பவில்லை.

"என்னக்கா, இம்புட்டுத்தான் கூட்டமா? கல்யாண வீட்டுல மொய் எழுதுற நேரத்துக்குக்கூட இதைவிட ஜனம் வருமே!" என்றான் ஸ்டீபன்.

சார் நான் குறித்துவைத்த முடிவைப் பார்த்துவிட்டு, "சரி, திங்கக்கிழமை பேசிக்குவோம்" என்றார். அதற்கு அர்த்தம் பில்லிங்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தொப்பம்பட்டியில் வாக்கப்பட்ட என் நாத்தனார், மகன் பிரவீனோடு வந்திருந்தாள். மனதுக்குள் பில்லிங்கை ஓட்டிக்கொண்டே தோசைக்கல்லைப் போட்டேன். முதல் தோசை வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்து தர்ஷினியின் தட்டில் போட்டேன் – ஓரம் நெளிந்த பழைய தட்டு. கல் பதமானதும் அடுத்தது பொன்னிறமாக எழும்பி வந்தது. அதைப் புதுத் தட்டில் வைத்துப் பிரவீனுக்கு.

"மச்சானுக்கு மட்டும் முழுத்தோசை! எனக்குப் பிஞ்சது!" தர்ஷினி ராகம் இழுத்தாள்.

"ஏனுங்க மதினி, பாப்பாவுக்கும் நல்லதா ஒண்ணு போடுங்க" என்றாள் நாத்தனார்.

"செத்த நேரம் பொறுடி, அடுத்தாப்ல உனக்குத்தான்" என்றேன்.

என் கணவர் சிரித்தார். "விடு கழுத. நானும் பிஞ்ச தோசை தின்னு வளந்தவன்தான். உங்க அத்தை வீட்டுக்கு விருந்தாளியாப் போனாத்தான் நமக்கெல்லாம் முழுசு."

"அதுக்குத்தானுங்களா அண்ணா மாசமாசம் எங்கூட்டுக்கு வர்றீங்க?" என்று நாத்தனார் மடக்கினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

சனிக்கிழமை நான் என்ன செய்தேன்?

ஆபீஸில் இரண்டு கம்ப்யூட்டர் சும்மா இருந்தன. ஒன்று புதுசு, ஒன்று பழசு. வெளியிலிருந்து வந்த டூலுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று அதைப் புதுசில் ஏற்றினேன். என்னுடையதைப் பழசில். சைட்டைத் தாங்குகிற சர்வரை ஆன் செய்த உடனே முதலில் ஓடியதும் என்னுடையதுதான். சர்வரும் தோசைக்கல் மாதிரி. ஆரம்பத்தில் ஒவ்வொரு தகவலையும் தேடித் தேடி எடுக்கும். ஒருமுறை எடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சட்டென்று நீட்டும். அது நன்றாகச் சூடான பிறகுதான் விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கிறேன்.

பழைய தட்டு. முதல் தோசை. அப்படியே!

பாரபட்சம் காட்டிவிடக் கூடாது என்கிற பயமும் ஒரு பாரபட்சம்தானே? தன் வகுப்பில் படிக்கும் சொந்த மகளுக்கு மட்டும் அரை மார்க் குறைத்துப் போடுகிற டீச்சர்களை நமக்குத் தெரியாதா என்ன? ஊர் மெச்சும். அந்த அரை மார்க் யாருடையது?

சரி, மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டுவிடலாமா? உடனே அடுத்த சந்தேகம். தோற்ற பிறகு கேட்டால் அழுகுணி ஆட்டம் என்பார்களே... ஒருவேளை ஜெயித்திருந்தால் கேட்டிருப்பேனா? ஞாயிறு முழுக்க என்னையே குடைந்து பார்த்தேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாக இருந்தது. தப்பான டெஸ்ட்டை நம்பித்தான் தைப்பூசத்துக்கு சைட் திறக்கப்போகிறோம். அது யாருக்குமே நல்லதில்லை.

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். தோசை உட்பட.

"தோத்த டீம்தான்க்கா பிட்ச் சரியில்லேம்பாங்க" என்றான் ஸ்டீபன்.

"சரிப்பா. என்னோடதை நீ ஓட்டு. உன்னோடதை நான் ஓட்டுறேன். ரெண்டும் ரெண்டு கம்ப்யூட்டர்லயும் ஓடட்டும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஆங்... அப்படின்னா சரி."

ஒவ்வொரு முறையும் சர்வரை நிறுத்தி, புதிதாக ஆரம்பித்தோம். சூடேறுவதற்காக விட்ட முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம் எது முந்தி என்பதற்குக் காசு சுண்டினோம். சார் எட்டிப் பார்த்து, "ஆபீஸாய்யா இது? டாஸ் போட்டு வெளையாடுறீங்க!" என்றார். அடுத்த டாஸை அவரே போட்டார்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். எவ்வளவு கூட்டம் வந்தது என்று அந்தந்த டூலிடமே கேட்கக் கூடாது. பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டாரின் பேச்சை மட்டுமா நம்புகிறோம்? அக்கம்பக்கத்திலும் விசாரிப்போம் இல்லையா? கூட்டத்தை வாங்கிக்கொண்ட சர்வரே ஒவ்வொரு வருகையையும் பதிந்துவைக்கிறது. அதை எண்ணினோம்.

புது கம்ப்யூட்டரில் என் டூல், விருந்தாளிக்குச் சமமாகக் கூட்டம் அனுப்பியது. பழசில் விருந்தாளிக்கு மூச்சு வாங்கியது. கலர் கிராஃப் போடவே அதற்குத் தெம்பு சரியாகப் போய்விட்டது! நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் மெதுவாகக் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க ஆளு ரொம்ப நல்ல பிள்ளைக்கா. சர்வர் திணறுச்சுன்னா, 'பரவால்ல, மெதுவா வாங்க'ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னுருது. அது பதில் சொன்ன பெறகுதான் அடுத்த ஆளை அனுப்புது. தைப்பூசக் கூட்டம் அப்படியா நிக்கும்?"

பார்த்தேன். உண்மைதான். முன்னால் போனவர் இன்னும் நகரவில்லை என்பதற்காக, பின்னால் வருகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்களா? என் டூல் காத்துக்கொண்டு நின்றதால், சைட்டின் நெரிசல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் நாங்கள் அதை நம்பிவிட்டோம்.

முகம் சுருங்கிப்போனது. ஆனால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மனசு லேசாகிவிட்டது. ஏன் தெரியுமா? சனிக்கிழமை நான் பார்த்தது பழைய கம்ப்யூட்டரின் குறை. அதை என் பிள்ளையிடம் தேடியிருந்தால் ஆயுசுக்கும் கிடைத்திருக்காது. இது அதன் சொந்தக் குறை. சொந்தக் குறை என்றால் திருத்தலாமே!

"அப்ப யாரு ஜெயிச்சது?" என்றார் சார்.

நானும் ஸ்டீபனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"என்னப்பா, ரெண்டு பேரும் முழிக்கிறீங்க? சரி, ரெண்டும் இருக்கட்டும். பில்லிங்குக்கு வேற ஆள் பாத்துக்குவோம். நீங்க அந்தக் கையக் கட்டி நிக்கிற புத்தியை மட்டும் மாத்துங்கம்மா. தைப்பூசத்துக்கு முன்னாடி."

மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்து தப்புக் கண்டுபிடிக்கிறான். இந்த வெள்ளிக்கிழமை என் டூல் முதல்முறையாக யாருக்கும் காத்திராமல் கூட்டத்தைத் தள்ளியது. சைட் அப்படியே படுத்துவிட்டது. நாங்கள் கை தட்டினோம்! பின்னே, பழனியில் மூட்டை முடிச்சோடு ஜனம் நிற்கும்போது படுப்பதைவிட, பம்ப் கடை மாடியில் இப்போதே படுத்தால் நல்லதுதானே? எங்கே இடிக்கிறது என்று இப்போது தெரியும். கையில் இன்னும் நாள் இருக்கிறது.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட வந்தார்கள். நல்ல தோசை முதலில் யாருக்கு என்று காசு சுண்டினோம். தர்ஷினிக்கு விழுந்தது. தட்டை ஊருக்கே தூக்கிக் காட்டினாள்.

ஒட்டிக்கொண்ட முதல் தோசையா? அது என் கணவருக்கு. அவர்தான் எந்தப் போட்டியிலும் இல்லையே!