பாரம் குறைந்த துவக்கும் இடியப்பப் பார்சலும்

புலம்பெயர்ந்து புரோசார்ட் நகரில் வசிக்கும் நான், மலையில் மான் வேட்டையாட முதல் துவக்கு வாங்கியபோது தூக்கிக்கொண்டு ஏறச் சுகமென்று கடையிலேயே பாரம் குறைந்ததைத் தெரிவு செய்தேன். என்னோடு வேலை செய்யும் ரவி அண்ணை பழைய வேட்டைக்காரர். "பாரம் குறைஞ்சால் சுடேக்க உதை கூடும், தங்கச்சி. வாங்க முதல் ஒருக்கா சுட்டுப் பாருங்கோ" என்றார். "அதெல்லாம் பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன்.

அண்ணையோடு ஏறிய மலையில் மானைக் கண்ட அவசரத்தில், துவக்கின் தொலைநோக்கியில் கண்ணை ஒட்டிவைத்துச் சுட்டேன். துவக்கு உதைத்த உதையில் தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. முகமெல்லாம் இரத்தம். கண் போய்விட்டதென்று அலறினேன். அண்ணை தன் சால்வையால் துடைத்துப் பார்த்து, "கண்ணுக்கு ஒண்டுமில்லை" என்றார்.

கட்டுப்போடத் துணி தேடி என் பையைத் திறந்தவர் திகைத்துப்போனார். நான்கு பேருக்கு இடியப்பம், சம்பல், இரண்டு பிளாஸ்க் தேநீர். "துவக்கில குறைச்ச பாரத்தை இதுக்குள்ள எல்லோ வச்சிருக்கிறியள்!"

இப்போது என்னிடம் இருப்பது சற்றுப் பாரமான துவக்கு. சுட்டுப் பார்த்தே வாங்கினேன். இடியப்பம் இன்றும் அவிக்கிறேன். அதை மலைக்குத் தூக்குவது ரவி அண்ணை. அவர் பின்னால், இரண்டு கண்ணாலும் பாதையைப் பார்த்தபடி, நன்றியோடு ஏறுகிறேன்.